நின்றுபோன மட்டை

ஓணத்துக்கு ஊர் சென்று திரும்பும் நம் குடும்பங்களின் ரயில் தொல்லையைப் பற்றி இம்மாதம் எழுதுவதாகச் சென்ற இதழில் வாக்களித்திருந்தேன். அவ்வாக்கைக் காப்பாற்ற இயலவில்லை, பொறுத்தருள வேண்டும். ரயில் தொல்லை அடுத்த மாதமும் இருக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் ஸ்ரீவராகத்துக் குளக்கரையில் ஒரு மாலை என்முன் வைக்கப்பட்ட கேள்வி அவ்வளவு காலம் காத்திருக்கக் கூடியதாக இல்லை.

கேள்வியைக் கொண்டுவந்தவர் சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுபவர். சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். இந்நகருக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. வராகமூர்த்தி கோயிலுக்குப் பின்புறம் வாடகை வீட்டில் வாசம். அவருக்கு ஒரே மகள், வயது பதினைந்து. பள்ளியில் இறகுப்பந்து ஆடுகிறாள். நன்றாகவே ஆடுகிறாள் என்பது ஆசிரியர்களின் அபிப்பிராயம். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓணப் போனஸ் முழுவதையும் போட்டு அவளுக்கு ஒரு நல்ல மட்டை வாங்கிக் கொடுத்தார் தந்தை. அன்று முதல் அது அவள் கையின் நீட்சியாகவே ஆகிவிட்டது. மாவட்டப் போட்டிக்கு இருபது நாள் இருக்கும்போது, இரட்டையர் ஆட்டப் பயிற்சியில், தோழியின் மட்டையும் அவள் மட்டையும் ஒரே பந்துக்குப் பாய்ந்து மோதிக்கொண்டன. தோழியின் மட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. இவளுடையதன் தலைப்பகுதியில் மயிரிழை போல ஒரு விரிசல் கண்டது. நரம்பு கட்டிக் கொடுப்பவர் பார்த்தார். இனி இதில் நரம்பு ஏற்றினால் ஒடிந்துவிடும் என்று கைவிரித்துவிட்டார்.

போனால் போகிறது, அதே மட்டை இன்னொன்று வாங்கலாம் என்று தந்தையும் மகளும் கடைக்குச் சென்றனர். கடைக்காரர் பெட்டிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆ மாடல் நிர்த்தி, சாரே" என்றார். அந்த மாதிரியை நிறுத்திவிட்டார்கள்! இன்னும் மூன்று கடைகள், அதே விடை.

"அண்ணாச்சி, நன்றாக ஓடுகிற சருவச்சட்டியை நாங்கள் கடையில் நிறுத்தினால், முதலாளி எங்களை நிறுத்திவிடுவார். இவ்வளவு பேர் விரும்பிக் கேட்கிற சாமானை எந்த மடையனாவது நிறுத்துவானா?" என்று என்னிடம் கேட்டார் அவர். பக்கத்தில் அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் படிக்கட்டில் அமர்ந்து குளத்து நீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

மடையன் நிறுத்தவில்லை. நன்கு கணக்குத் தெரிந்தவர்களே நிறுத்துகிறார்கள். அந்தக் கணக்கை நானும் உடனே அறிந்திருக்கவில்லை. சில நாள் விசாரித்து அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு மட்டை வாங்கிக் கொடுப்போர் இன்று பலர் இருக்கின்றனர். இந்நகரம் இறகுப்பந்துக்குப் பேர்போனது. 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் இவ்வாட்டம் முதன்முறையாகப் பதக்கத்துக்குரியதாக ஆனபோது நம் நாட்டுக்காகக் களமிறங்கிய விமல் குமார் இவ்வூரார். 2022இல் பாங்காக்கில் இந்தியா தாமஸ் கோப்பையை முதன்முறையாக வென்றபோது, காலிறுதியிலும் அரையிறுதியிலும் கடைசி ஆட்டத்தை ஆடி வென்று கொடுத்த பிரணாயும் இவ்வூரில் வளர்ந்தவரே. அடுத்த ஆண்டு கோபன்ஹேகனில் உலகப் போட்டியில் அவர் வெண்கலம் வென்ற பின், நம் தெருவிலேயே மாலை வேளைகளில் கயிறு கட்டி ஆடும் சிறுவர் கூட்டம் பெருகிவிட்டது.

மட்டை என்று எழுதுகிறேனே, 'ராக்கெட்' என்று எழுதலாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். 1963 நவம்பர் 21ஆம் நாள் தும்பாவிலிருந்து வானில் ஒன்று பாய்ந்த பிறகு, இவ்வூரில் ராக்கெட் என்ற சொல்லுக்குப் பொருள் வேறாகிவிட்டது. நம் சங்கத்து உறுப்பினரில் பலர் அந்த ராக்கெட்டினால் பிழைத்தவர்கள். அவர்களோடு குழப்பம் வேண்டாம் என்றே மட்டை என்கிறேன்.

என் பள்ளிப் பருவத்தில், 1960களில், திருநெல்வேலிச் சீமையில் மட்டை என்றால் மரமட்டைதான். நாங்கள் முதலில் ஆடியது இறகுப்பந்து அன்று. மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்துக்கொண்டு பக்கத்துக்கு ஐவராக ஆடும் பூப்பந்து. தஞ்சையில் பிறந்தது என்று சொல்லப்படும் அந்த ஆட்டத்துக்கு 1954இல் அகில இந்திய சம்மேளனம் அமைந்தது; 1970இல் பிச்சையா என்னும் தெலுங்கு நாட்டு வீரர் அதற்காக அர்ஜுனா விருது பெற்றார். மாலையில் ஆட்டம் முடிந்ததும் மட்டையைத் துடைத்து, நான்கு மூலையிலும் திருகாணி வைத்த மரச்சட்டத்தில் பூட்டி வைப்போம். பூட்டாவிட்டால் மரம் முறுக்கிக்கொள்ளும். அம்மட்டைகள் பெரும்பாலும் ஜலந்தரிலிருந்தோ மீரட்டிலிருந்தோ வந்தவை. 1947இல் நாடு பிரிந்தபோது சியால்கோட்டிலிருந்து உயிர் தப்பி வந்த தொழிலாளர்கள் அவ்விரண்டு ஊர்களிலும் விளையாட்டுப் பொருள் செய்யும் தொழிலை வேரூன்றச் செய்தனர். ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் செய்த மட்டை என்ற வகையில் அதன்மீது எனக்கு இன்றும் ஒரு பாசம் உண்டு.

பாசம் இருந்து என்ன பயன்? இந்நகருக்கு வேலைக்கு வந்த ஆண்டு, இறகுப்பந்துக்கென ஒரு மரமட்டை வாங்கினேன். இடவப்பாதி மழை தொடங்கிய ஓர் இரவில் அதைச் சட்டத்தில் பூட்ட மறந்துவிட்டேன். மறுநாள் காலை அது வாட்டிய அப்பளம் போல் வளைந்து கிடந்தது. குடலால் செய்த நரம்பும் ஈரத்தில் தளர்ந்து பிரிந்திருந்தது. அடுத்த மாதச் சம்பளத்தில் நான் வாங்கியது உலோக மட்டை. மரமட்டை மறைந்ததைப் பற்றிப் பின்னாளில் நண்பர்களோடு அமர்ந்து எத்தனையோ முறை வருந்தியிருக்கிறேன். ஆனால் அதை நிறுத்தியவர் யார் என்று இப்போது எண்ணிப் பார்த்தால், நானும் ஒருவன் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. செய்பவர்கள் நிறுத்துமுன்னரே நான் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

ஜப்பானில் ஒருவர் இதை நம் அனைவரையும்விடக் கடுமையாக அனுபவித்தார். யோனெயாமா மினோரு என்பது அவர் பெயர். 1946இல் நீகாத்தா மாகாணத்தில் ஒரு சிறு பட்டறை தொடங்கினார். அங்கே செய்தது மட்டை அன்று. மீன் வலைகளில் கட்டும் மர மிதவை. மிதவை நன்றாகவே விற்றது. பத்து ஆண்டு கழிவதற்குள் பிளாஸ்டிக் மிதவை வந்தது. மர மிதவையை வாங்குவார் இல்லை. மரம் அறுக்கும் கருவிகளும் கைத்திறனும் வீணாகாதபடி 1957இல் இறகுப்பந்து மட்டை செய்யத் தொடங்கினார். முதலில் பிறர் பெயரில், 1961 முதல் தம் பெயரில். மரத்தினால் ஒருமுறை அடிபட்டவர் மறுமுறை அடிபடக் காத்திருக்கவில்லை. 1969இலேயே அலுமினிய மட்டையைக் கொண்டுவந்துவிட்டார். அதன்பின் கார்பன் இழை மட்டை. அவர் தொடங்கிய நிறுவனமே இன்று யோனெக்ஸ் என்று உலகெங்கும் அறியப்படுவது. அவர் 2019இல் காலமானார். பிறர் தம் பொருளை நிறுத்தும்வரை காத்திராமல், தம் பொருளைத் தாமே நிறுத்திப் புதியதைக் கொண்டுவர வேண்டும் என்ற பாடத்தை மர மிதவை அவருக்குக் கற்பித்தது போலும். இது என் ஊகம். ஆனால் அந்நிறுவனத்தின் மட்டைகள் மாறிவரும் வேகத்தைப் பார்த்தால் அவ்வாறே தோன்றுகிறது.

அவ்வேகத்துக்கு ஒரு சான்று போதும். 'அஸ்ட்ராக்ஸ் 88' என்று இரட்டையர் ஆட்டத்துக்கென ஒரு மட்டை 2018இல் வந்தது. 2021இல் அதன் இடத்தில் 'புரோ' என்ற பெயரொட்டோடு வேறொன்று வந்தது. 2024இல் மூன்றாவது. மூன்று ஆண்டுக்கு ஒரு பிறவி! 2021இல் டோக்கியோவிலும் 2024இல் பாரிஸிலும் ஒலிம்பிக் நடந்தன என்பதையும் வாசகர்கள் நினைவிற் கொள்க. உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில், வீரர் கையிலிருப்பது கடையில் புதிதாக வந்திருப்பதாக இருக்க வேண்டும் என்று வியாபாரி விரும்புவது இயல்பு.

இனி, அதே மட்டையைச் செய்துகொண்டே புதியதையும் செய்யலாகாதா என்ற கேள்வி எழும். இதற்கு விடை சொன்னவர் நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர்; தென்காசிக்காரர்; வட்டியூர்க்காவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் கலப்புப்பொருள் பிரிவில் நெடுங்காலம் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். இன்றைய மட்டை எந்தப் பொருளால் ஆனதோ, அவ்வினப் பொருளோடு வாழ்நாளெல்லாம் பழகியவர். விரிசல் கண்ட மட்டையை அவரிடம் கொண்டுபோனோம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விரிசலை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"இது வார்ப்புச் சாமான் இல்லை, அடுக்குச் சாமான்," என்று தொடங்கினார். கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்துத் தாள் போல் ஆக்கியிருப்பார்களாம். அத்தாளைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு துண்டின் இழை நீளவாக்கில், அடுத்த துண்டின் இழை சாய்வாக, இப்படி மாற்றி மாற்றி அடுக்கிக் குழாய் போல் உருட்டுவார்கள். உள்ளே காற்றடைக்கும் மெல்லிய பை ஒன்று இருக்கும். அக்குழாயை மட்டையின் வடிவில் குடைந்த உலோக அச்சுக்குள் வைத்து மூடிச் சூடேற்றி, உள்ளே காற்றை அழுத்தினால், பிசின் உருகி இறுகி அச்சின் வடிவத்தைக் கொள்ளும். பிறகு தேய்ப்பு, துளையிடல், வண்ணம். இழை எந்தச் சாய்வில் எத்தனை அடுக்கு என்பதுதான் ஒரு மட்டை வளையும் அளவையும் முறுக்கும் அளவையும் தீர்மானிக்கிறது. அச்சு ஒன்று, அடுக்கு முறை ஒன்று, இழையின் தரம் ஒன்று, பிசின் ஒன்று. இந்நான்கும் கூடியதே நம் பெண் "என் மட்டை" என்று சொல்லும் அந்தப் பொருள்.

"அச்சு சூட்டிலும் அழுத்தத்திலும் தேயும். தேய்ந்தால் புதிது செய்ய வேண்டும். பழைய வடிவத்துக்குப் புது அச்சு செய்யும் செலவில் புதிய வடிவத்துக்கே செய்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றும். இழையும் பிசினும் இவர்கள் செய்வதில்லை. இரசாயனக் கம்பெனிகள் செய்கின்றன. அவர்கள் ஒரு தரத்தை நிறுத்திவிட்டால் அப்புறம் என்ன செய்வது? அதே பெயரில் வேறு இழையைப் போட்டால் மட்டை வேறாகிவிடும். ஆடுகிறவன் கண்டுபிடித்துத் திட்டுவான். நிறுத்திவிட்டால் ஒரு நாள் திட்டோடு போயிற்று," என்றார் பெரியவர்.

கண்டுபிடிப்பார்களா என்று நான் ஐயுற்றேன். அதற்கும் அவரிடம் விடை இருந்தது. டென்னிஸ் வீரர் பீட் சாம்பிராஸ் வில்சன் கம்பெனியின் 'புரோ ஸ்டாஃப்' மட்டையில் ஒரு வகையைத்தான் தொடுவாராம். கரிபியன் கடலில் செயிண்ட் வின்சென்ட் என்னும் சிறு தீவிலிருந்த தொழிற்சாலையில் செய்யப்பட்டவை அவை. அங்கே செய்வது நின்று, அதே பெயரில் வேறு நாட்டில் செய்யத் தொடங்கிய பின்னும் அவர் பழையவற்றையே தேடிச் சேர்த்துக்கொண்டார். அவருக்கு முன்னால் ஜிம்மி கானர்ஸ், அதே கம்பெனியின் 'டி2000' என்ற எஃகு மட்டையை அது சந்தையில் நின்று போன பின்னும் பல ஆண்டுகள் கைவிடவில்லை. பெரிய வீரர்களுக்குக் கம்பெனிகள் இதில் ஒரு சலுகையும் காட்டுவதுண்டு. டென்னிஸ் உலகில் இது யாவரும் அறிந்த இரகசியம்: வீரர் கையிலிருப்பது பழைய மட்டை, அதன்மேல் பூசியிருப்பது புதிய மாதிரியின் வண்ணம். அதைப் பார்த்து நாம் கடைக்குப் போய்ப் புதியதை வாங்குகிறோம். பழையது அவருக்குக் கிடைக்கிறது. நாங்குநேரிக்காரர் மகளுக்குக் கிடைப்பதில்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆயினும் குற்றம் முழுவதையும் கம்பெனியின் தலையில் சுமத்துவதற்கில்லை. விசாரித்த கடைக்காரர்களில் ஒருவர் தம் அலமாரியைக் காட்டி எனக்கு ஒரு கணக்குச் சொன்னார். ஒரே மாதிரி மட்டையில் எடை இரண்டு வகை, கைப்பிடிப் பருமன் இரண்டு வகை, நிறம் இரண்டு. ஒரு மாதிரிக்கே எட்டுப் பெட்டிகள். பழையது, புதியது, அதற்கும் புதியது என மூன்றையும் வைத்தால் இருபத்துநான்கு பெட்டிகள். அத்தனையிலும் அவருடைய முதல் முடங்கிக் கிடக்கும். "வந்து கேட்பவர்கள் எல்லாம் பழையதைப் புகழ்வார்கள், புகழ்ந்துவிட்டுப் புதியதைப் பில் போடச் சொல்வார்கள்," என்றார் அவர்.

இது உண்மைதானா என்று அறிய, அந்தப் பெண் ஆடும் உள்ளரங்கில் ஒரு ஞாயிறு காலை நானே சென்று அமர்ந்தேன். பெரியவர்கள் பதினோரு பேர் ஆட வந்திருந்தனர். நின்றுபோன அந்த மட்டையைப் பற்றிப் பேச்செடுத்ததும் ஒன்பது பேர் உருகிவிட்டனர். அது போல் இனி வராது என்றார் ஒருவர். இருவர் இன்னும் அதையே வைத்திருந்தனர். ஒருவர் தம்முடையது ஆறு ஆண்டுகளாக உழைக்கிறது என்று பெருமையாகத் தூக்கிக் காட்டினார். "சரி, அது விற்பனையில் இருந்த கடைசி இரண்டு ஆண்டுகளில் உங்களில் யார் யார் அதை வாங்கினீர்கள்?" என்று கேட்டேன். அரங்கில் சிறிது நேரம் பேச்சில்லை. ஆறு ஆண்டு உழைக்கும் மட்டையை ஒருவர் ஆறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வாங்குவார். அவருடைய அன்பு அந்த ஆறு ஆண்டும் கம்பெனியின் கல்லாவுக்கு ஒரு காசும் கொண்டுபோவதில்லை. நாங்குநேரிக்காரர் கேட்ட கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது என்று எண்ணுகிறேன். அவருடைய சருவச்சட்டி நாள்தோறும் புதிய குடித்தனக்காரருக்கு விற்கிறது. மட்டையோ, ஏற்கெனவே வைத்திருப்பவர்களாலேயே விரும்பப்படுகிறது. ஓடுகிற சரக்கும் விரும்பப்படுகிற சரக்கும் ஒன்றல்ல. நெடுநாள் விரும்பப்பட்ட பொருளின் விற்பனை பெரும்பாலும் அதற்கு முன்பே ஓய்ந்துபோயிருக்கும்.

மாற்றங்களில் மெய்யான முன்னேற்றமும் இல்லாமலில்லை. 1992இல் யோனெக்ஸ் மேற்புறம் சற்றுச் சதுரமாக அகன்ற தலையை இறகுப்பந்து மட்டைக்குக் கொண்டுவந்தது. பந்து நடுவில் படாமல் சற்று விலகிப் பட்டாலும் போதிய விசையோடு செல்லும் என்பது அதன் பயன். முட்டை வடிவத் தலைக்குப் பழகியவர்கள் அன்று முணுமுணுத்தனர். இன்று கடையில் முட்டை வடிவத் தலையைக் காண்பதே அரிது. அதற்காக அழுபவரும் அரியர். நரம்பை இறுக்கிக் கட்டும் வழக்கமும் பெருகிவிட்டது. முப்பது ஆண்டுக்கு முந்திய மட்டை அவ்விறுக்கத்தைத் தாங்காது. இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். நான் ஒப்பாதது பெயர் வித்தையை. 'ஆர்க்சேபர் 11' என்று பலராலும் விரும்பப்பட்ட மட்டை ஒன்று இருந்தது. 2022இல் 'ஆர்க்சேபர் 11 புரோ' வந்தது. நல்ல மட்டைதான் என்கிறார்கள். ஆனால் பழைய பெயரைக் கேட்டு, பழையதே வந்துவிட்டது என்று நம்பி வாங்குபவர் கையில் இருப்பது வேறொன்று. பெரியண்ணன் பெயரைத் தம்பிக்கு வைத்தால் தம்பி பெரியண்ணன் ஆகிவிடுவானா?

இன்னொரு குறை மிகச் சிறியது. ஆனால் ஏழைக்குப் பெரியது. மட்டையின் துளைகளில் நரம்பு செல்வதற்கென்று சின்னஞ்சிறு பிளாஸ்டிக் குழல்கள் பதித்திருப்பார்கள். அவை தேய்ந்தால் நரம்பு கார்பன் விளிம்பில் உராய்ந்து அறுந்துவிடும். மாதிரி நின்றதும் அதற்குரிய குழல்களும் கடையில் அருகிவிடுகின்றன. நல்ல மட்டை ஒன்று, காலணா பெறாத குழல் இல்லாமல் மூலையில் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். நிறுத்துவதை ஓராண்டு முன்னதாக அறிவிக்கட்டும். நிறுத்திய பின் பத்து ஆண்டுக்குக் குழல்களையாவது கொடுக்கட்டும். கம்பெனிகளிடம் நான் கேட்பது இவ்வளவே. இந்தப் பத்தி ஜப்பானுக்குப் போய்ச் சேரப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இதற்கிடையில் நாங்குநேரிக்காரர் வேறொரு வழியில் இறங்கிவிட்டார். கைபேசியில் ஒரு விளம்பரம் வந்திருந்தது: அதே மாதிரி, பழைய சரக்கு, பெட்டி பிரிக்காதது, ஒன்றே ஒன்று. விலை முன்பு வாங்கியதைப் போல் இரண்டு மடங்கு. சீட்டுப் பணத்தை முன்கூட்டியே எடுத்து வாங்கிவிடுவதென்று அவர் முடிவு செய்துவிட்டார். அச்சீட்டு மகளின் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு கல்லூரிச் செலவுக்கென்று கட்டி வந்தது. நல்ல வேளையாகப் பணம் அனுப்புமுன் படத்தைப் பெரியவரிடம் காட்டினார். பெரியவர் உடைந்த மட்டையையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தண்டில் பொறித்த எழுத்தின் வடிவம் வேறு. கூம்பின் மேல் உள்ள வரிசை எண் அச்சடித்த இடம் வேறு. "தம்பி, இது போலி" என்று சொல்லிவிட்டார். நின்றுபோன மாதிரிதான் போலிக்காரனுக்கு உகந்தது என்பதை அப்போது உணர்ந்தோம். நடப்பில் உள்ளதைப் போலி செய்தால் கடையில் அசலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். நின்றுபோனதை எதனோடு ஒப்பிடுவது? ஆசையின் வேகத்தில் ஒப்பிடவும் யாருக்குப் பொறுமை இருக்கிறது?

பெரியவர் அத்தோடு விடவில்லை. உடைந்த மட்டையின் நரம்பை அறுத்தார். பிடியின் மேல் சுற்றியிருந்த துணியைக் கழற்றினார். நாங்கள் மூவரும் அதை எடுத்துக்கொண்டு சாலையில் தெரிந்த நகைக்கடைக்குச் சென்று பொன் நிறுக்கும் தராசில் நிறுத்தோம். 87 கிராம். மட்டையில் '3யூ' என்று எழுதியிருப்பார்களே, அதன் பொருள் 85க்கு மேல் 90க்குள் என்பதே. '4யூ' என்றால் 80க்கு மேல் 85க்குள். பிறகு ஓர் அடிக்கோலை நிமிர்த்தி வைத்து, அதன் விளிம்பில் மட்டையைக் கிடத்தி, எந்தப் புள்ளியில் இரு பக்கமும் சாயாமல் நிற்கிறது என்று பார்த்தார். பிடியின் அடியிலிருந்து 29 சென்டிமீட்டர். தலைப்பக்கம் சற்றுக் கனம் உடையது என்று அதற்குப் பொருளாம். தண்டு வளையும் தன்மை நடுத்தரம் என்று தண்டிலேயே எழுதியிருந்தது. பெண் நரம்பை 24 பவுண்டு இழுவையில் கட்டுவாள். இவ்வளவையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி அவள் கையில் கொடுத்தார்.

"அம்மா, நீ பெயரைக் கேட்காதே, இந்த நான்கையும் கேள்," என்றார்.

அத்தாளோடு கடைக்குச் சென்றோம். கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு அடிக்கோலும் தாளுமாக நாங்கள் நின்ற நிலையைப் பார்த்து, அவரும் ஆர்வம் கொண்டு பெட்டிகளை இறக்கினார். ஏழெட்டு மட்டைகளை அளந்த பின், வேறொரு வரிசையைச் சேர்ந்த, விளம்பரமே இல்லாத மட்டை ஒன்று ஏறக்குறைய அந்த அளவுகளுக்குள் வந்தது. விலையும் போலிக்காரன் கேட்டதில் பாதிக்கும் குறைவு. சீட்டுப் பணம் பிழைத்தது. இரண்டாவது ஒன்றையும் இப்போதே வாங்கி வைப்பது நல்லது என்று நான் தந்தையிடம் சொன்னேன். இதுவும் ஒருநாள் நிற்கும் அல்லவா? அவர் கைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த ஓணத்துக்குப் பார்க்கலாம் என்றார்.

எல்லாம் நலமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். முதல் வாரம் அவள் அடித்த பந்தில் பாதி வலையில் விழுந்தது. "தாத்தா, அளவெல்லாம் சரிதான், ஆனால் இது என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது," என்றாள். பெரியவரிடம் இதைச் சொன்னேன். தராசுக்கும் அடிக்கோலுக்கும் அகப்படாதது ஒன்று அடுக்கில் இருக்கும் என்று ஒப்புக்கொண்டார். அவள் மாவட்டப் போட்டியில் இரண்டு சுற்று வென்று, மூன்றாவதில் தோற்றாள். எதிரில் ஆடியவள் நல்ல ஆட்டக்காரி. மட்டையைக் குறை சொல்ல இடமில்லை என்று அவளே சொன்னாள்.

உடைந்த மட்டையைத் தந்தை கூடத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டார். சென்ற ஞாயிறு நான் போயிருந்தபோது அது பிடித் துணி இல்லாமல் வெறும் மரப்பிடியோடு தொங்கிக்கொண்டிருந்தது. வியர்வையில் கறுத்துப்போன அந்தப் பழைய துணியை அவள் துவைத்துக் காயவைத்துப் புதிய மட்டையில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஊக்கு ஒன்று வேண்டும் என்று அம்மாவைக் கூப்பிட்டாள்.

ரயில் தொல்லையை அடுத்த இதழில் பார்ப்போம்.